சிதூரியின் சாடி

சென்ற வாரம் கில்கமெஷ் காவியத்தைப் பற்றிப் பேசியபோது, கடலோரத்தில் அந்த மன்னனைச் சந்திக்கும் சிதூரி என்ற பெண்ணைத் ‘தவறணைக்காரி’ என்று குறிப்பிட்டிருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டு மனம் வருந்திய நேயர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். காவியத்தில் மிக விவேகமான வார்த்தைகளைப் பேசுபவள் அவளே என்று நீங்களே சொல்லிவிட்டு, எங்கள் ஊரில் வேலிச் சண்டையில் வீசி எறிகிற சொல்லை அவளுக்குச் சூட்டலாமா என்பது அவருடைய கேள்வி. அவள் விற்றது கள்ளா, சாராயமா, பியரா என்று இன்னொரு கேள்வியும் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது.

முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை. தவறணை என்பது போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொல். அதைக் கேட்டதும் நம் கண்முன் வருவது கிடுகு வேலி, மரப்பலகை, உரத்த குரலில் பேசும் ஆண்கள். அங்கே ஒரு பெண் நின்றால் அவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மது சமைக்கும் பெண்ணின் பெயர் எப்போது, எப்படி வசையாக மாறியது? அதைத் தேடிப் போனதன் விளைவே இந்த வாரப் பேச்சு. நான் மதுவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பியரின் கசப்பு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

ஓரத்தில் இருந்த கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சிதூரியின் சாடியில் இருந்தது பார்லி என்கிற வாற்கோதுமையில் செய்த பியர். கள்ளுக்கும் பியருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சற்று விளக்கவேண்டும். பாளையைச் சீவினால் இனிப்பான நீர் தானாகவே வடிகிறது, அது தானாகவே புளிக்கிறது. தானியத்தில் அப்படி இனிப்பு இல்லை, மாப்பொருள்தான் உண்டு. அதை ஊறவைத்து முளைகட்டினால்தான் மாப்பொருளைச் சீனியாக மாற்றும் நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. முளையைக் காயவைத்து இடித்து வெந்நீரில் கரைத்து, வடித்த இனிப்பு நீரைப் புளிக்கவிட்டால் பியர். ஊறவைத்தல், இடித்தல், கஞ்சி காய்ச்சுதல், வடித்தல் எல்லாம் அடுப்படி வேலைகள். கள்ளுக்கு மரம் ஏறவேண்டும். பியருக்கு அடுப்பும் பானையும் போதும். எனவே பாண் சுட்ட கைகளே பியரையும் சமைத்தன என்பதில் வியப்பில்லை.

வேலை மிகப் பழையது. மேற்கு ஈரானில் உள்ள கொடின் தெப்பே என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சாடியொன்றின் உட்புறக் கீறல்களில் ‘பியர்க்கல்’ என்ற படிவு இருப்பதை இரசாயன ஆய்வு காட்டியது. 1992இல் அந்த முடிவு வெளியானது.

சிதூரியைக் குறிக்க அக்காத் மொழிக் காவியம் பயன்படுத்தும் சொல் ‘சாபீத்து’. அது பெண்பாற் சொல். பியர் சமைத்துத் தன் வீட்டிலேயே விற்கிற பெண் என்று பொருள். நண்பன் எங்கிடு இறந்த துயரத்தில், தானும் சாவேனா என்ற பயத்தில், தோல் உடுத்துப் பரதேசியாக வருகிறான் கில்கமெஷ். அவனைத் தொலைவில் கண்டு, கொலைகாரனோ என்று அஞ்சிக் கதவைத் தாழிடுகிறாள் அவள். பின்பு அவன் கதையைக் கேட்கிறாள். பழைய பாபிலோனியப் பிரதியில் அவள் அவனுக்குச் சொல்லும் புத்திமதி புகழ்பெற்றது. நீ தேடும் சாகாவரம் உனக்குக் கிடைக்காது, வயிறார உண், ஆடிப்பாடி மகிழ், தூய ஆடை உடுத்து, உன் கையைப் பிடிக்கிற குழந்தையைப் பார், மனைவியை மகிழ்வி என்பது அதன் சாரம். இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். சில நூற்றாண்டுகளுக்குப் பின் காவியத்தைத் திருத்தித் தொகுத்த பிரதியில் அந்தப் புத்திமதி இல்லை. சிதூரி இருக்கிறாள், கதவைத் தாழிடுகிறாள், கடலைக் கடக்க வழி சொல்கிறாள், அவ்வளவுதான். கில்கமெஷுக்கு வாழ்வைப் பற்றிப் போதிக்கும் வேலையைப் பெருவெள்ளத்தில் தப்பிய கிழவர் உத்னபிஷ்திம் எடுத்துக்கொள்கிறார். தொகுத்தவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் பேச்சு பறிபோனது அவளுக்குத்தான்.

சுமேரியருக்குப் பியரின் தெய்வமும் பெண்தான். அவள் பெயர் நின்காசி. ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சேர்ந்த களிமண் ஏடுகளில் அவள்மீது பாடிய துதி ஒன்று உண்டு. சிக்காகோவில் பணியாற்றிய சுமேரியவியல் அறிஞர் மிகேல் சிவில் அதை 1964இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். துதி என்றுதான் பெயர். அதற்குள் ஒரு முழுச் செய்முறை இருக்கிறது. வாசனைப் பொருள் சேர்த்துப் பிசைந்த மாவைப் பெரிய அடுப்பில் சுடுவது, முளைதானியத்தைச் சாடியில் ஊறவைப்பது, வெந்த கூழை நாணற் பாய்களில் பரப்பி ஆறவிடுவது, கடைசியில் வடிசாடியிலிருந்து பியரை ஊற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தெய்வத்தை விளித்துப் பாடுகிறார்கள். ஊற்றும் ஒலியைத் தைகிரீஸ், யூபிரட்டீஸ் நதிகளின் பாய்ச்சலுக்கு ஒப்பிட்டிருக்கிறான் கவிஞன். கவிஞன் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கவிஞையாகவும் இருந்திருக்கலாம். அதே கட்டுரையில் சிவில் வெளியிட்ட இன்னொரு பாடல், புதிதாகக் கடை திறக்கும் ஒரு பெண்ணை வாழ்த்திப் பாடிய குடிப்பாட்டு.

1989இல் சான் பிரான்சிஸ்கோவில் மதுவடிசாலை நடத்திய ஃபிரிட்ஸ் மேடாக் என்பவரும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் சொலமன் காட்ஸும் சேர்ந்து இந்தத் துதியை வைத்துக்கொண்டே பியர் சமைத்தார்கள். பாண் சுட்டார்கள், தேனும் பேரீச்சம்பழமும் சேர்த்தார்கள், ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்க்கவில்லை. சுமேரிய முத்திரைகளில் காண்பதுபோல நீண்ட குழல்களைச் சாடியில் இட்டு உறிஞ்சிக் குடித்தார்கள். மூவாயிரத்து எண்ணூறு ஆண்டுகள் களிமண்ணில் கிடந்த பாட்டு, சமையற்குறிப்பாக வேலை செய்தது. பாடலின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இவ்வளவு பெருமை இருந்த அதே நாட்டில்தான் அவளைப் பற்றிய சந்தேகமும் எழுத்தில் ஏறியது. ஹம்முராபியின் சட்டக்கல் பாரிஸ் லூவர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் 108 முதல் 111 வரையான விதிகள் இந்தப் பெண்களைப் பற்றியவை. பியருக்கு விலையாகத் தானியத்தை ஏற்காமல் பெரிய படிக்கல்லால் வெள்ளி நிறுத்து வாங்கினாலோ, தானியத்தின் மதிப்புக்குக் குறைவாகப் பியர் அளந்தாலோ, அவளை நீரில் எறியவேண்டும். அவள் வீட்டில் சதிகாரர் கூடியிருக்க, அவள் பிடித்துக்கொடுக்காவிட்டால் மரணம். மடத்துப் பெண் ஒருத்தி பியர்க்கடை திறந்தாலோ, குடிக்க உள்ளே நுழைந்தாலோ எரிக்கப்படவேண்டும். விதிகளைத் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். அளவில் ஏமாற்றுகிறவள், தீயவர் கூடும் வீட்டுக்காரி, நல்ல பெண் காலடி வைக்கக்கூடாத இடத்துக்கு உரியவள். வேலிச் சண்டையின் சொல் அங்கேயே கருக்கொண்டுவிட்டது. ஆனால் கணக்கு இன்னும் ஒருபக்கமாகச் சாயவில்லை. சுமேரிய அரசர் பட்டியலில் இடம்பெற்ற ஒரே பெண், கிஷ் நகரை ஆண்ட குபாபா. அரசியாகுமுன் அவள் பியர் விற்ற பெண் என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. நூறு ஆண்டு ஆண்டாள் என்றும் சொல்கிறது. அதை நாம் நம்பவேண்டியதில்லை.

மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டி இங்கிலாந்துக்கு வருவோம். இடையிலுள்ள எகிப்தையும் பிறவற்றையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் கையிலிருந்து பானை நழுவியதை ஆண்டுவாரியாகப் பார்க்கக்கூடிய ஆவணங்கள் அங்கேதான் கிடைக்கின்றன.

1300ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்துக் கிராமத்தவர் குடித்தது ‘ஏல்’. ஹொப்ஸ் சேராத, இனிப்பும் கலங்கலுமான தானிய மது. அது சில நாட்களில் புளித்துக் கெட்டுவிடும். தொலைவுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. எனவே ஒருத்தி வீட்டுக்குச் சமைப்பாள், மிச்சத்தை அயலுக்கு விற்பாள், அடுத்த வாரம் இன்னொருத்தி. சமைத்து முடிந்ததும் வாசலில் ஒரு கோலை நீட்டி, அதில் குழைக் கொத்தைக் கட்டிவிடுவாள். ஊர்ச் சுவைகாரர் வந்து ருசிபார்த்து விலையை அனுமதிப்பார். விதி மீறினாலும் மீறாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு சிறு தண்டம் விதிப்பார்கள். உண்மையில் அது வரிதான். அந்தத் தண்டப் பட்டியல்கள் இருப்பதால்தான் எழுத்தறியாத அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஜூடித் பெனெட் என்ற வரலாற்றாசிரியை அவற்றைப் பல ஆண்டுகள் துருவி ஆராய்ந்து 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரிக்ஸ்டொக் என்ற ஊரில், பெருங்கொள்ளை நோய்க்கு முன்னர், ஏறத்தாழ மூன்றிலொரு பெண் ஏல் சமைத்து விற்றிருக்கிறாள் என்று காட்டினார். ஆங்கிலத்தில் ‘புரூஸ்டர்’ என்ற குடும்பப் பெயரை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். மது சமைக்கும் பெண் என்பதே அதன் மூலப்பொருள். நெய்பவளைக் குறித்த ‘வெப்ஸ்டர்’ என்ற பெயரும் அப்படிப் பிறந்ததுதான்.

இந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் நம்மோடு நேரே பேசுகிறாள். லின் நகரைச் சேர்ந்த மார்ஜரி கெம்ப், 1373ஐ ஒட்டிப் பிறந்தவர். தந்தை நகரத்தின் மேயராக இருந்தவர். ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று பலர் கருதும் நூலை, தாம் எழுதத் தெரியாதவராகையால், பிறருக்குச் சொல்லி எழுதுவித்தார். ஒரு பெரிய வீட்டில் பிங்பொங் விளையாடியவர்கள் பந்து தேடி ஒரு அலுமாரியைத் திறந்தபோது கையெழுத்துப் பிரதி அகப்பட்டது என்பார்கள். 1934இல்தான் அது உலகுக்குத் தெரிந்தது. அந்நூலின் தொடக்கத்திலேயே தாம் மூன்று நான்கு ஆண்டுகள் நகரத்தின் பெரிய மது சமைப்பவர்களில் ஒருவராக இருந்ததைச் சொல்கிறார். பிறகு ஒரு காலம் வந்தது. நுரை பொங்கி நிற்கும், திடீரென்று அமர்ந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கெட்டன. வேலைக்காரர்கள் வெட்கப்பட்டு விலகினார்கள். பணம் போயிற்று. தம்முடைய செருக்குக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று மார்ஜரி முடிவுசெய்தார்.

நுரை ஏன் அமர்ந்தது? பழைய நுரையிலிருந்து எடுத்துச் சேர்த்த மதுவம், அதாவது ஈஸ்ட், பழுதாகியிருக்கும், அல்லது வேறு கிருமி புகுந்திருக்கும். நுரை உயிருள்ளது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அதே மாகாணத்தில் உள்ள நோர்விச் நகரத்துப் பதிவொன்றில், 1468இல், மதுவத்துக்குக் ‘கடவுள் நல்லவர்’ என்பதே பெயர். பொங்கினால் கடவுள் நல்லவர். அமர்ந்தால் சமைத்தவள் பாவி. என்னை மிகவும் வருத்திய இடம் இது. ஒரு தேர்ந்த தொழிலாளி, தன் தொழிலின் தோல்வியைத் தன் ஒழுக்கத்தின் தோல்வியாக எண்ணிக்கொண்டார்.

இனி ஹொப்ஸ். ஜேர்மனியில் 12ஆம் நூற்றாண்டிலேயே துறவி ஹில்டெகார்ட், அந்தக் கொடியின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும், ஆனால் மனத்துக்குச் சோர்வு தரும் என்று எழுதிவைத்தார். அதைச் சேர்த்த பானமே ‘பியர்’. 15ஆம் நூற்றாண்டில் கடல்கடந்து இங்கிலாந்தில் அது பரவியது. கெடாத மதுவைப் பெருமளவில் காய்ச்சலாம், மிடாக்களில் வைத்திருக்கலாம், கப்பலிலும் படைக்கும் அனுப்பலாம். அதற்குப் பெரிய செம்புக் கொப்பரை வேண்டும், கடன் வேண்டும், கூலியாட்கள் வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் கடன் எடுப்பதே கடினமாக இருந்த காலம். யாரும் அவளைத் துரத்தவில்லை. தொழில் வளர்ந்தது, அவள் வளர வழியில்லாமல் பின்தங்கினாள். 1600 வாக்கில் மது சமைத்தல் ஆண்களின் தொழிலாகிவிட்டது.

இலக்கியம் இந்த இடத்தில் அவளுக்கு உதவவில்லை. லட்லோ நகரத் தேவாலய இருக்கையொன்றின் அடியில் ஒரு மரச்செதுக்கல். அளவில் ஏமாற்றிய மதுக்காரியைப் பேய் தோளில் தூக்கி நரகத்தின் வாய்க்குக் கொண்டுபோகிறது, கிண்ணம் இன்னும் அவள் கையில். செஸ்டர் நகரத்து நாடகத்தில் இயேசு நரகத்திலிருந்து ஆன்மாக்களை மீட்டுச் சென்றபின்பும் அங்கேயே நின்றுவிடுபவள் ஒரு மதுக்காரி. எட்டாம் ஹென்றிக்கு இளமையில் ஆசிரியராக இருந்த கவிஞர் ஜோன் ஸ்கெல்டன், எலினர் ரம்மிங் என்ற கிழவியைப் பற்றி ஒரு நீண்ட கேலிக்கவிதை இயற்றினார். கோழிகள் எச்சமிடும் தொட்டியில் அவள் மது சமைப்பதாக வருகிறது. படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். லெதர்ஹெட் ஊரின் 1525ஆம் ஆண்டுப் பதிவொன்றில், அதே பெயருள்ள ஒரு பெண், அளவைக் குறைத்து அதிக விலைக்கு விற்றதாக இரண்டு பென்ஸ் தண்டம் கட்டியிருக்கிறாள். கவிதை நிலைத்துவிட்டது. அவள் பக்கத்துக் கதையை எழுத ஆளில்லை.

பிற்பாடு நடந்தவை வேகமானவை. 1516இல் பவேரியாவின் கோமகன் பியரில் வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் தவிர வேறு எதுவும் கூடாது என்று ஆணையிட்டார். மதுவம் அந்தப் பட்டியலில் இல்லை. 1876இல் லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தின் எமில் ஹான்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். மார்ஜரியின் கேள்விக்கு அன்றுதான் சரியான விடை கிடைத்தது.

கெடாத பியர் ஆங்கிலேயனோடு கப்பலேறி உலகெங்கும் போயிற்று. நமது நுவரெலியாவிலும் சாமுவெல் பேக்கர் 1849இல் ஒரு மதுவடிசாலை அமைத்தார். ஆனால் ஆங்கிலேயன் போய்ச்சேர்ந்த சில நாடுகளில் ஏற்கெனவே பானை அடுப்பில் இருந்தது. தென்னாபிரிக்காவில் சூலு இனப் பெண்கள் சோளத்தை முளைகட்டிச் சமைக்கும் பியரின் பெயர் உட்ஷ்வாலா. முன்னோருக்குப் படைப்பது அது, விருந்தினருக்குக் கொடுப்பதும் அது. நகரத்துக்கு வந்த பெண்களுக்குக் கைச்செலவுக்கு வழியும் அதுவே. 1908இல் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. ஆபிரிக்கருக்குரிய பியரைச் சமைத்து விற்கும் ஏகபோக உரிமையை நகரசபை தானே எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. அடுத்த ஆண்டில் டர்பன் நகரசபை அதைத் தொடங்கியது. பெண் வீட்டில் சமைத்தால் குற்றம். சபையின் மண்டபத்தில் அவள் கணவன் காசு கொடுத்துக் குடித்தால் குற்றமில்லை. அந்த இலாபத்தில்தான் ஆபிரிக்கரை அடக்கி நிர்வகிக்கும் செலவின் பெரும்பகுதி நடந்தது. ‘டர்பன் முறை’ என்று புகழ்பெற்று மற்ற நகரங்களுக்கும் அது பரவியது.

டர்பனின் ஓரத்தில் கேட்டோ மேனர் என்ற குடிசைப் பகுதி. ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவரின் சந்ததியார், தமிழர் உட்பட, தோட்டம் செய்து நிலம் வாங்கிய இடம் அது. பின்னாளில் அந்த நிலத்தில் ஆபிரிக்கர் குடிசை போட்டு வாடகைக்கு இருந்தார்கள். அங்கே பெண்கள் பியர்ப் பீப்பாய்களை மண்ணுக்குள் புதைத்துவைத்தார்கள். பொலிஸார் தோண்டி எடுத்து ஊற்றினார்கள். 1959 ஜூன் மாதத்தில், சோதனைகள் கடுமையானபோது, பெண்கள் கையில் தடிகளோடு நகரசபையின் பியர் மண்டபங்களுக்குள் புகுந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த ஆண்களை அடித்து விரட்டினார்கள், பியரைத் தரையில் கொட்டினார்கள். பொலிஸ் அவர்கள்மீது பாய்ந்தது. மண்டபங்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. மதுவை எதிர்த்த பெண்கள் என்று அதை விளங்கிக்கொண்டால் பிழை. தங்கள் பானையைத் திரும்பக் கேட்ட பெண்கள் அவர்கள்.

இனி ஆசிரியையின் முதற் கேள்விக்கு வருகிறேன். சிதூரியை என்னவென்று அழைப்பது? விடை நம் வீட்டு அலுமாரியிலேயே இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நெல்லிலிருந்து வீட்டில் செய்யும் தோப்பி என்ற மது வருகிறது. வேறோர் இடத்தில், அரிசிக் கூழைத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்து வடிக்கும் முறை வரிசையாகச் சொல்லப்படுகிறது. நின்காசி துதியைப் படித்த கையோடு அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே பாட்டில் பட்டினத்துப் பெண்கள் கள் சமைத்த பின் கிண்ணங்களைக் கழுவுகிறார்கள். கழுவிய நீர் வழிந்து சேறாகிறது, அதில் பன்றிகள் புரளுகின்றன. ஊரின் ஒரு காட்சியாகப் புலவர் அதைப் பார்த்துச் செல்கிறார். முகம் சுளிக்கவில்லை. அவர்கள் செய்வதற்கு அவர் பயன்படுத்தும் வினை ‘அடுதல்’. சோறு ஆக்குவதற்கும் அதே வினைதான்.

எனவே ‘கள்ளடுமகள்’ என்று எழுதுவதாக உத்தேசம். பியரைக் கள் என்பதா என்று ஆசிரியை அடுத்த கடிதத்தில் கேட்பார். பழந்தமிழில் தானிய மதுவும் கள்ளுக்குள் அடங்கும் என்று பதில் தயாராக வைத்திருக்கிறேன். என் குறிப்பேட்டில் தவறணைக்காரி என்று வந்த மூன்று இடங்களிலும் அடித்துத் திருத்திவிட்டேன். நான்காவது இடம் ஒன்று இருப்பதாக அவர் எழுதியிருக்கிறார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.